நாலாவது கை

பூட்டுக்காரர் ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். மறு கையின் மேல் நாய் படுத்திருந்தது. அதன் பெயர் மேனேஜர். கடையில் நாள் முழுக்கத் தூங்கிவிட்டு, நடுநடுவே எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பதால் வந்த பெயர்.

"எந்திரி மேனேஜர். அண்ணன் போயிட்டார்டா."

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தது. விஷயம் தன் இலாகா இல்லை என்று கண்டு மூடிக்கொண்டது.

அண்ணன் அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்து பின்னியபடியே போய்விட்டார். ஊசி கையிலேயே இருந்ததாம். போனில் அண்ணி அழவில்லை.

"அவர் பின்னினது ஒண்ணைப் போட்டுத்தான் அனுப்பணும் தம்பி. இங்க ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் ஊருக்கே குடுத்துட்டார். உங்களுக்குப் போட்டாரே கடுகுக் கலர், அதை எங்க இருந்தாலும் எடுத்துட்டு வாங்க."

அது பீரோவில் இருப்பதாகத்தான் கணக்கு. மூன்று குளிர்காலமாகப் பூட்டுக்காரர் அப்படித்தான் சொல்லி வந்தார். "சும்மா போட மனசு வரலண்ணே. பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்." பூட்டு ரிப்பேர் செய்கிறவன் பூட்டி வைத்திருக்கிறேன் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

அண்ணன் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு, சிகரெட்டை விடுவதற்காகக் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். டாக்டர் மனதில் என்ன இருந்ததோ, அண்ணன் ஊசியும் கம்பளி நூலும் வாங்கிவந்தார். பஸ் ஓட்டியதுபோலவே பின்னினார். வளைவில் தாராளம், நிற்கவேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கும். எதிர்வீட்டுக்காரரின் கையுறையில் கட்டைவிரல் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டுமே இடதுகைக்கானவை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தபால்காரரின் குல்லா மழையில் நனைந்து மோவாய் வரை இறங்கிவிட, மனிதர் இரண்டு தெருவுக்குக் கண் தெரியாமலே தபால் கொடுத்தார். அன்று ஒரு கடிதம்கூட வீடு மாறவில்லை என்று அண்ணன் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

நூல் விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. செயற்கை நூலை 'பிளாஸ்டிக் கயிறு' என்பார். கடையில் நூலை மூக்கருகே பிடித்து முகர்வார். ஆட்டு வாசம் வந்தால்தான் காசை எடுப்பார். அப்படி முகர்ந்து முகர்ந்து பிடித்த நூலில், இரண்டு புரி ஒன்றையொன்று தாண்டி ஏறும் முறுக்குப் பின்னலை மார்பு முழுக்க ஏற்றி, பிடிக்காத இடத்தையெல்லாம் பிரித்துப் பிரித்து, ஒரு குளிர்காலம் முழுவதும் பின்னியதுதான் இந்தக் கடுகு நிற ஸ்வெட்டர். அவர் கையில் ஒழுங்காக வந்தது இது ஒன்றுதான்.

அதுதான் சிக்கல். கழுத்து வழியாகப் பூசணிக்காய் போய்வருகிற ஸ்வெட்டர் என்றால், போடாததற்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். இது கொஞ்சம் அரித்தது, அவ்வளவே. முதல் நாளே பூட்டுக்காரர் அதைக் கழற்றித் தன் கடை ஓரத்தில் போட்டார். மேனேஜர் அதன்மேல் பதவியேற்றது.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போடா. மேனேஜரையும் கூட்டிட்டு வா."

இன்னொரு ஸ்வெட்டருக்கு அளவெடுக்கத்தான் என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது. "எனக்குக் காய்ச்சலாக் கெடக்குதுண்ணே" என்று சொல்லி இருமினார்.

"காய்ச்சல்னு சொல்றே, இருமுறே. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு" என்றார் அண்ணன். பிறகு, "சரி, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

பூட்டுக்காரர் ஒருவழியாக ஸ்வெட்டரை உருவி, வாசலில் உதறினார். உதறின முடியில் இன்னொரு மேனேஜரைச் செய்திருக்கலாம். முழங்கையில் ஓர் ஓட்டை. ஸ்கூட்டரைக் கிளப்பினார். படுக்கை பறிபோனதைப் பொறுக்காமல் மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தது.

அண்ணி உள்ளறையில் நின்றிருந்தார். ஸ்வெட்டரை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"பூச்சி அரிச்சிருச்சு அண்ணி" என்றார் பூட்டுக்காரர்.

அண்ணி ஒரு பழுப்பு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பெரிய பூச்சிதான்" என்றார்.

இருவருமாக அண்ணனுக்கு அதைப் போட்டுவிட்டார்கள். தோள், கை, நீளம் எல்லாம் அளவாக இருந்தது. இருக்காதா, தம்பிக்கென்று பின்னும்போதெல்லாம் அவர் தன் உடம்பில்தானே வைத்துப் பார்த்தார்.

கூடத்தில் கட்டிலில் கிடத்தினார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், பழைய கண்டக்டர் ஒருவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். யாரோ கதவைத் திறந்தபோது மேனேஜரும் வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே கட்டிலில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, அண்ணனின் மார்பில், முறுக்குப் பின்னல்மேல் தலையை வைத்துப் படுத்தது. பெருமூச்சும் விட்டது.

நின்றவர்கள் கட்டிலை நெருங்கி வந்தார்கள்.

"வாயில்லா ஜீவன். அதுக்கு இருக்கிற பாசத்தைப் பாருங்க" என்றார் தபால்காரர்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிப் படுக்கமாட்டான்" என்றார் கண்டக்டர். தப்பாகச் சொல்லவில்லை. பூட்டுக்காரர் யாரென்று அவருக்குத் தெரியாது.

பூட்டுக்காரர் போய் நாயின் கழுத்தைப் பிடித்தார். "எறங்குடா" என்றார். அது இறங்குமா? அதற்கு அது சொந்த இடம்.

"விடுங்க தம்பி" என்றார் அண்ணி. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் உங்க கடைப் பக்கம் போனார். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. இவன்தான் இருந்தான்."

பூட்டுக்காரரின் கை நாயின் கழுத்திலேயே நின்றுவிட்டது.

"வந்து என்ன சொன்னார்?"

"சிரிச்சார். ஒருத்தனாவது அதை அனுபவிச்சு உபயோகிக்கிறான்னார். மிச்ச நூலைத் தேடி எடுத்து அன்னிக்கே உக்காந்துட்டார்."

அண்ணி நாற்காலியடியிலிருந்த பையைக் கொண்டுவந்தார். உள்ளே கடுகு நிறத்தில் சின்னதாக ஒன்று. உடம்புப் பாகம் ஒரு முழம் இருக்கும். மூன்று கை முடிந்திருந்தது. நாலாவது பாதியில், ஊசியோடு தொங்கியது. முதுகில் சின்னச் சின்னதாக முறுக்குப் பின்னல்.

"ஒவ்வொரு காலும் ஒவ்வொரு அளவா இருக்குமோன்னு அவருக்குச் சந்தேகம். அளவு பாக்கணும்னுதான் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றார் அண்ணி. "உங்களுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். இருமல்கூட வரவில்லை.

அண்ணி கட்டில் ஓரம் உட்கார்ந்து, அந்தப் பாதிக் கையை மேனேஜரின் பின்னங்கால் அருகே கொண்டுபோனார். நாய் தூக்கத்தில் காலை உதறியது.

"கொஞ்சம் காலைப் பிடிச்சுக்குங்க தம்பி."

பூட்டுக்காரர் குனிந்து, மேனேஜரின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணி பின்னலை நீவி நீவி வைத்து, மீதியை விரல்களால் அளந்து பார்த்தார்.

"இன்னும் நாலு விரக்கடை பின்னணும்" என்றார்.

வண்டி வந்துவிட்டதென்று வாசலில் யாரோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். பூட்டுக்காரர் மட்டும் குனிந்தபடியே, பிடித்த காலை விடாமல் நின்றார்.