சட்டக்காவின் சட்டம்

குற்றவியல் துறையில் ‘குற்றம் என்றால் என்ன?’ என்ற பாடத்தை இருவர் பங்கு போட்டு நடத்தினார்கள். மூத்தவளுக்கு ஒரே வரைவிலக்கணம்தான்: சட்டம் தடுக்காதது குற்றமில்லை. மாணவர்கள் வைத்த பெயர் சட்டக்கா. இளையவளோ, “அடுத்தவங்களுக்குக் கேடு செஞ்சா, சட்டத்துல இல்லாட்டியும் குற்றம்தான்” என்பாள். அவள் வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. சட்டக்கா வகுப்பில் மின்விசிறிதான் கேட்டுக்கொண்டிருக்கும். எரியாதா வயிறு? பற்றிக்கொண்டு எரிந்தது. நேற்று முளைத்த காளானுக்கு இவ்வளவு மவுசா!

துறைத்தலைவர் பதவிக்கும் அவர்கள் இருவரும்தான் போட்டி. நேர்காணலன்று காலையில் அலுவலக எழுத்தர் சட்டக்காவுக்குப் போன் செய்தார்.

“மேடம், இடம் மாறிடுச்சு. நூலகத்து மாடிக்கு வந்துடுங்க. சின்ன மேடம் போனை எடுக்கல, நீங்களே சொல்லிடுங்க.”

“ம்” என்றாள்.

சின்னவள் பக்கத்து அறையில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ‘சொல்லியே ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?’ என்று மனதுக்குள் வாதாடியபடி, போனை அணைத்துவிட்டுப் பூனைபோல நழுவினாள்.

மாடியில் முதலில் சின்னவளைத்தான் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். காத்திருந்து பார்த்துவிட்டு விலக்கிவிட்டார்கள். பதவி சட்டக்காவுக்கே வந்தது.

வெளியே வந்தால், சின்னவள் மூச்சு வாங்கப் படியேறி வருகிறாள். முகமெல்லாம் வியர்வை. வரட்டும், கத்தட்டும், எல்லாவற்றுக்கும் பதில் தயார் என்று சட்டக்கா நிமிர்ந்து நின்றாள்.

“அக்கா! இங்கயா இருக்கீங்க? அப்பாடா!” சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இடம் மாறினதைக் காவலாளி அப்பவே சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதேன்னுதான் கேன்டீன், பழைய கட்டடம்னு தேடாத இடமில்ல. உங்க போனும் அடிக்கல. என்னைக் கூப்பிட்டுட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க.”

சின்னவள் முகம் சுருங்கியது. “போகட்டும்க்கா. நீங்களாவது நேரத்துக்கு வந்துட்டீங்களே.”

பாவி, இரண்டு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா!

மறுநாள் தலைவராக முதல் வகுப்பு. வழக்கம்போலக் கரும்பலகையில் ‘சட்டம் தடுக்காதது’ என்று எழுதினாள். அதற்குமேல் கை ஓடவில்லை. பக்கத்து அறையிலிருந்து சின்னவளின் குரல் தெளிவாகக் கேட்டது: “சட்டத்துல இல்லாட்டியும் குற்றம்தான்.”