தளர்த்திப் பிடித்த கயிறு

மனோஜின் தோளில் இருந்த புத்தூர் கட்டை அவன் மனைவி கல்பகம் அன்று காலையில்தான் அவிழ்த்தாள். மூட்டு விலகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஸ்டன்ட் மாஸ்டருக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார், அப்புறம் எந்தப் படத்துக்கும் கூப்பிட மாட்டார் என்று மனோஜ் விஷயத்தை மூடி மறைத்தான். கல்பகத்தின் அண்ணன் சிவஞானமும் சேர்ந்து மறைத்தார். தங்கை புருஷன் ஆயிற்றே. மெட்டுகுடா வீட்டிலிருந்து இருவரும் கிளம்பும்போது கல்பகம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, கயிறு உன் கையிலதான இருக்கும்?"

"ஹவ், ஆமா, என் கையிலதான்," என்றார்.

ஜீடிமெட்லாவில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில் படப்பிடிப்பு. கதாநாயகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக் கம்பியைப் பிடித்து மனோஜ் தொங்க வேண்டும். கதாநாயகன் கேரவனில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பிறகு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் எடுத்துக்கொள்வார்கள், கைதட்டலும் அவருக்கே போகும். மனோஜின் இடுப்பு பெல்ட்டில் மாட்டிய கயிறு மேலே உருளையில் ஏறி, கீழே சிவஞானத்தின் கைக்கு வந்தது. இருபது வருடமாக அவருக்கு இதுதான் வேலை.

இயக்குநர் சுஷ்மா மாரேட்பள்ளித் தமிழ்ப் பெண், மரியாதை தெரிந்தவள். திட்டுவதற்குக்கூட அவளிடம் ஒன்றும் கிடைக்காது.

"விழுறது ரெண்டு செகண்ட் அண்ணா. விழுவானா மாட்டானான்னு நாப்பது செகண்ட் ஜனம் மூச்சப் புடிச்சிட்டு உக்காரணும். அப்பதான் அடுத்து வர்ற ஃபைட்டுக்கு விசில் அடிப்பாங்க. கயிறு லூசா இருக்கட்டும். வெயிட் கையில தெரியணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. சிவஞானமே எத்தனையோ படத்தில் சீட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர்தான்.

முதல் டேக்கில் பத்தாவது விநாடியிலேயே மனோஜின் வலது கைப் பிடி தளர்ந்தது. சிவஞானம் ஒருவர் கண்ணுக்கும் படாமல் கயிற்றை ஒரு சாண் இழுத்தார். பாரம் பெல்ட்டுக்கு மாறியது.

"கட். சட்டை மேல ஏறுது அண்ணா, மானிட்டர்ல அப்படியே தெரியுது. லூஸ் விடுங்க," என்றாள் சுஷ்மா. மாஸ்டர் திரும்பி முறைத்தார்.

இரண்டாவது டேக். சிவஞானம் மனசுக்குள் எண்ணினார். இருபதில் மனோஜின் வலது தோள் இடது தோளைவிட இறங்கியது. அது நடிப்பில்லை. லைட்மேன் வாயில் போட்ட பாக்கை மெல்லவும் மறந்து நின்றான். "இன்னும்... இன்னும்..." என்று சுஷ்மா மெதுவாகச் சொன்னாள். விழுவானோ என்று எல்லோருக்கும் பதைப்பு. கயிறு இருக்கிறது, விழ மாட்டான், கைதான் போகும் என்பது சிவஞானம் ஒருவருக்கே தெரியும். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இழுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவர் கயிற்றை இறுக்கப் போனபோது மனோஜ் கீழே பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். நக்கோ, வேண்டாம் என்கிறான். அவர் கயிற்றை இறுக்காமல் விட்டார்.

நாற்பதில் "கட்" கேட்டது. அவர் உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்து, அவனைப் பூப்போல இறக்கினார். யூனிட் முழுக்கக் கைதட்டியது. சுஷ்மா ஓடி வந்தாள்.

"அந்தத் தோள் எறங்குச்சு பாருங்க, நானே எழுந்து நின்னுட்டேன். எப்படிப் பண்ணீங்க?"

மனோஜ் சிரித்தான். வலது கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது.

"வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொண்ணு எடுத்துரலாமா? அதே தோள், அதே மாதிரி."

"ரெடியாப்பா?" என்றார் மாஸ்டர்.

மனோஜ் இடது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சிவஞானம் வாயைத் திறந்தார்.

"மச்சான், கயிறப் புடிங்க," என்றான் மனோஜ், அவரைப் பார்க்காமலே.

சிவஞானம் கயிற்றை எடுத்தார்.

"லூசா அண்ணா," என்று சுஷ்மா நினைவுபடுத்தினாள்.

அவர் லூசாகவே பிடித்தார்.