உறைபனி பிடித்த யானை

கிராவிக் ஊர் மீன் ஆலையின் காபி அறையில், நெடுநேரம் நகர்த்தாத சதுரங்கக் காய்கள்மேல் உறைபனி பிடிக்கும். ராஜாவையும் சிப்பாய்களையும் அது தொடாது. மூலையில் சும்மா நிற்கும் யானைதான் முதலில் வெளுக்கும். ஆட்டம் முடிந்து எடுத்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். குளிரூட்டும் எந்திரத்தைப் பார்க்க நகரத்திலிருந்து ஒருவர் வந்தார், கோளாறு ஒன்றுமில்லை என்றார், காபி குடித்துவிட்டுப் போனார். ஊரார் அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் விரிகுடாவின் அக்கரை ஊரோடு அந்த அறையில் சதுரங்கப் போட்டி நடக்கும். தோற்ற ஊர் தன் இடத்தில் புளித்த திருக்கை மீனை வேகவைத்து ஜெயித்தவர்களுக்குப் போட வேண்டும். அதன் மூத்திர வீச்சம் சுவரில் ஏறினால் வசந்தம் வரை இறங்காது. பல வருஷமாக கிராவிக்தான் நாறியது. காரணம் அணியில் மூன்றாம் பலகையில் ஆடும் ஸ்வாவா. ஆலையில் மீன் அறுப்பவள். ஆரம்பத்தை அழகாக ஆடுவாள். நடு ஆட்டம் வந்ததும் கை எட்டுகிற காயையெல்லாம் வெட்டுவாள். காத்திருக்கும் மீன் கெட்டுப்போகும் என்று பழகிய கை. ஊரில் எல்லோருக்கும் இருந்த வியாதி, அவளுக்கு முற்றியிருந்தது. யானைமேல் பனி பிடித்தால் மேலங்கியால் துடைத்துவிட்டு மறுபடி வெட்டப் போய்விடுவாள்.

அந்த வருஷம் அணித் தலைவன் எய்விந்துர் பொறுமை இழந்தான். "இந்தத் தடவையும் நீ கோட்டை விட்டேன்னா உன் நாற்காலில என் மச்சான் உக்காருவான்."

"குதிரை எந்தப் பக்கம் திரும்பும்னே அவனுக்குத் தெரியாதே."

"தெரியாதவன் உன்னை மாதிரி அவசரப்பட மாட்டான்."

மற்ற பலகைகள் சமமாக முடிந்து எல்லாம் அவள் தலையில் வந்து நின்றது. எதிரே அக்கரைப் படகோட்டி ஸ்டெய்னார். ஆரம்பம் முடிந்ததும் நடுவில் ஒரு சிப்பாயை அவள் சிப்பாய் வெட்டும்படியாகத் தள்ளி வைத்தான். "வெட்டு, ஸ்வாவா. வச்சிருந்தா நாறிடும்."

கை எழுந்தது. அப்போது அவளுடைய மூலை யானை கண்ணில் பட்டது. நரைத்துப்போய் நின்றது. அறுப்பு மேசையில் ஒருத்தி கையைக் கட்டி நின்றால் மற்றவள் இடுப்பு ஒடியும். அப்படி நிற்பவளை ஸ்வாவா பெயர் சொல்லிக் கத்துவாள், முதுகைத் துடைத்துவிட மாட்டாள். சிப்பாயை அப்படியே விட்டுவிட்டு யானையை நடு வரிசைக்கு நகர்த்தினாள். பனி உருகிப் பலகை நனைந்தது. அடுத்து எது அதிகம் வெளுத்திருக்கிறது என்று பார்த்து மந்திரியை எடுத்தாள். பிறகு குதிரை. வெட்டப்படாத சிப்பாயைக் காவல் காத்தே ஸ்டெய்னாரின் ராணி நகர முடியாமல் வெளுக்கத் தொடங்கியது.

"வெட்டித் தொலையேன்," என்றான்.

"எனக்கு வேலை இருக்கு."

கடைசியில் பொறுக்காமல் அவனே அவள் சிப்பாயை வெட்டினான். திறந்த வழியில் அவள் யானை உள்ளே போனது. பிறகு ஆட்டம் அதிக நேரம் நீடிக்கவில்லை.

"மச்சான்கிட்ட என்ன சொல்றது?" என்றான் எய்விந்துர்.

"காபி போடச் சொல்லு."

திருக்கை அக்கரையில் வெந்தது. ஸ்வாவா இரண்டு தட்டு சாப்பிட்டாள். அடுத்த கோடையில் அக்கரைக்காரர்கள் கிராவிக்கின் பலகை ஒன்றைக் காய்களோடு இரவல் வாங்கிப்போய்ப் பார்த்தார்கள். அங்கே பனி பிடிக்கவில்லை. அதனால் இப்போது சனிக்கிழமைகளில் படகேறி இங்கேயே வந்து பழகுகிறார்கள். காபி ஆலை தருகிறது. துடைக்கும் துணி அவரவர் கொண்டுவர வேண்டும்.