உச்சியிலிருந்து தெரியும் மூன்று மாநிலங்கள்

ரோஜர்ஸ் மலையடிவாரத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறேன். வர்ஜீனியாவிலேயே உயரமான மலை. சுற்றியுள்ள தேசிய வனத்தில் ஒரு குச்சியை ஒடித்தாலும் காட்டிலாகா வந்துவிடும். மலையேற வருகிறவர்கள் என் கடையில்தான் வண்டிக்குப் பெட்ரோலும் தங்களுக்குத் தண்ணீரும் வாங்குவார்கள். கூடவே என் பேச்சு இலவசம். உச்சிக்குப் போனால் மூன்று மாநிலம் தெரியும் என்பேன். டென்னசி எந்தப் பக்கம், வட கரோலினா எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுவேன். வாயைப் பிளந்து கேட்பார்கள்.

நான் ஒருநாளும் உச்சிக்குப் போனதில்லை. வாசலில் இருக்கிற மலைதானே, என்றைக்கு வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தே தொப்பை விழுந்து, தலையும் நரைத்துவிட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். என்ன, அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள் லொரீட்டா. அவள் சுடும் சோளரொட்டிக்காகத்தான் தினமும் போகிறேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். விட்டுப்போன அவள் புருஷன் வாயைத் திறந்தால் பொய். இனி எவன் வந்தாலும் சரி, புளுகன் மட்டும் வேண்டாம் என்று கடையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுப் பலமாகத் தலையாட்டியவன் நான்.

அக்டோபரில் இலைகள் சிவந்ததும், அவளை உச்சிக்குக் கூட்டிப்போய் அந்தக் காட்சிக்கு முன்னால் நிறுத்தி, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட முடிவெடுத்தேன். சொல்லிச் சொல்லி என் புளுகை நானே நம்பியிருந்தேன். அதுதான் பெரிய கூத்து.

வழியெல்லாம் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. மூச்சு வாங்கியபோதெல்லாம் குதிரையை ரசிப்பதுபோல் நின்றேன். லொரீட்டா காத்திருந்தாள். குதிரையே இல்லாத இடத்திலும் காத்திருந்தாள்.

உச்சி வந்தது. பாறையில் பதித்த பித்தளை வில்லையைப் பார்த்துத்தான் அது உச்சி என்றே தெரிந்தது. சுற்றிலும் பாசி பிடித்த ஊசியிலை மரங்கள், நெருக்கியடித்துக்கொண்டு. மூன்று மாநிலம் கிடக்கட்டும், வானமே சரியாகத் தெரியவில்லை.

பாறையில் ஒரு இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. காலையில் நான் கை நீட்டிக் கதை சொல்லி அனுப்பியவர்கள்.

"பெரியவரே, டென்னசி எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்றான் அந்தப் பையன்.

பெரியவர் என்றதே உறைத்தது. ஆனாலும் பதில் தயாராக இருந்தது: போன வருடம்வரை மரங்கள் இவ்வளவு வளரவில்லை என்று சொன்னால் போதும். லொரீட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தப்பித்துவிடலாம், அதற்கப்புறம் அவளிடம் எதைக் கேட்டாலும் அந்தப் பழைய புருஷன் கேட்பதுபோலத்தான் இருக்கும். இவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"தெரியாது தம்பி. நானே இங்க வர்றது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் புளுகிக்கிட்டு இருந்திருக்கேன்."

பையனோடு இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். லொரீட்டா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலேயே இங்கே வந்திருக்கிறாளாம். மரத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று அப்போதே தெரியுமாம். நான் தினமும் அளக்கும் கதை சாலை தாண்டி அவள் அடுப்படிவரை கேட்குமாம். தெரிந்துமா என்னோடு இவ்வளவு தூரம் ஏறி வந்தாய் என்று கேட்டேன்.

"உச்சியில வந்து நின்னாலாவது உன் வாயில நிஜம் வருமான்னு பாக்கத்தான்யா வந்தேன், வெர்னன்."

அசடு வழிய நின்றேன். அவள் பாறையில் உட்கார்ந்து, கிளம்ப எழுந்த அந்த ஜோடியைக் கையமர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. இந்த மனுஷன் என்கிட்ட ஏதோ கேக்க வந்திருக்காரு. நாளைக்கு, அப்படிக் கேக்கவே இல்லைன்னு கீழ போய்க் கதை விட்டா எனக்குச் சாட்சி வேணும்."