முப்பத்தெட்டு என்று சொன்னாள்

1

இந்தக் கதை கிடைத்தது என் மாலை வகுப்பில். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அன்று அளவு பற்றிய சொற்சேர்க்கைகள். "மெஷர்மென்ட்டை 'டேக்' பண்ணணும், 'டூ' பண்ணக் கூடாது" என்றேன்.

"நாமளும் அளவு எடுக்கிறதுன்னுதானே சொல்றோம்? அப்ப எனக்குப் பாதி இங்கிலீஷ் வந்தாச்சு டீச்சர்" என்றாள் முன்வரிசைத் தையற்காரி. வகுப்பே சிரித்தது.

அடுத்தது 'எக்ஸாக்ட் மெஷர்மென்ட்', சரியான அளவு. அதை வைத்து ஒரு வாக்கியம் கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது. தமிழிலேயே சொன்னாள்: "என் வீட்டுக்காரருக்குச் சரியான அளவை நான் சொல்லல."

2

நோய் அவரை மெழுகுவர்த்தியாய்க் கொஞ்சம் கொஞ்சமாக...

(வேண்டாம். அவள் இப்படிப் பேசுகிறவள் இல்லை.)

அவரும் தையற்காரர். முப்பது வருஷம் துணி வெட்டியவர். வயிற்றில் நோய் வந்து ஐந்து மாதமாகப் படுக்கை. மகள் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை வேண்டும் என்றார். கட்டிலில் உட்காரவைத்து மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். முப்பத்துமூன்று அங்குலம்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டுங்க. எப்பவும் உள்ளதுதான்."

"பரவாயில்லையே. நான்தான் வீணா பயந்துட்டேன்" என்று நிம்மதியாகச் சாய்ந்தார்.

(இங்கே அவள் சுவரைப் பார்த்து அழுததாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது தடுத்தாள்: "அழ எங்க நேரம்? அடுப்புல பால் பொங்கிட்டிருந்துச்சு.")

3

எந்த அளவில் தைப்பது? முப்பத்தெட்டில் தைத்தால் தொளதொளவென்று தொங்கும். சரியாகத் தைத்தால் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். இரண்டு நாள் துணியை மடித்தபடியே வைத்திருந்தாள். ஆனால் தெரிந்தே ஒரு சட்டையைக் கெடுக்க அவளுக்குக் கை வரவில்லை; முப்பத்துமூன்றுக்கே தைத்தாள்.

போட்டுப் பார்த்தார். கச்சிதம். பொத்தான்களை மெதுவாக மாட்டினார். பிறகு அக்குளிலிருந்து இடுப்புவரை பக்கத் தையலில் விரலை ஓட்டினார். அந்த விரலுக்கு டேப் தேவையில்லை.

"இதுவா முப்பத்தெட்டு?"

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் உண்மையைச் சொல்கிறாள். இன்னொன்றில், துணி சுருங்கிவிட்டது என்கிறாள். மூன்றாவதில் அவரே முந்திக்கொண்டு, "நல்லாத்தான் தைச்சிருக்கே" என்று...

மூன்றையும் கிழித்தேன். நிஜத்தில் அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு உடனே கேட்டுக்கொண்டாள்: "அதை மட்டும் எழுதாதீங்க டீச்சர். அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

அந்தச் சட்டையோடுதான் அவர் மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். இதை எழுத அனுமதி உண்டு.

கேள்விக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. அவர் சட்டையைக் கழற்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?