தலைகீழாய்ப் பறந்தவன்

கோடை வெயிலில் கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு முதலாளி காசிவிசுவநாதன் தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதுமே, பெரிய தப்பு ஏதோ நடந்துவிட்டது என்று சத்யபாமாவுக்குத் தெரிந்துபோயிற்று. சாதாரணத் தப்புகளுக்கு அவர் மஃப்ளரைத் தொடமாட்டார். சிங்கப்பூர் ஏஜெண்டோடு பேசும் நாட்களுக்கென்று வைத்திருப்பது அது. பேச்சு போனில்தான், மஃப்ளர் எதிர்முனைக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

தாமுவே வட்டாரத்தில், மொஹிங்கா என்னும் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய ‘ஆல்ப்ஸ் விளையாட்டு அளவீட்டு மையம்’. பனிமலை மேடையிலிருந்து வீரர்கள் தாவிப் பறப்பதை ஐரோப்பாவில் யாரோ படமெடுத்து, சிங்கப்பூர் வழியாக சி.டி.யில் அனுப்புவார்கள். இங்கே அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி, வீரனின் உடம்பில் மவுசால் புள்ளி வைக்க வேண்டும். முதலில் தலை, பிறகு தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால்; முதல் புள்ளியைத்தான் தலை என்று எடுத்துக்கொள்வார்கள், வரிசை மாறக்கூடாது. எந்தக் கோணத்தில் சாய்ந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்பதை அந்தப் புள்ளிகளைக் கொண்டு அங்கே ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். “ஐரோப்பாவோட முழங்காலே நம்ம கையிலதான் இருக்கு” என்பார் காசிவிசுவநாதன். பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

சத்யபாமா பனியைக் கண்டதில்லை. அலோன் படகுத்துறையில் மீன்பெட்டிகளில் கொட்டும் ஐஸ்தான் தெரியும். ஆனால் போன மழைக்காலத்திலிருந்தே பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் அவள் பொறுப்பில் இருந்தான். பெயர் தெரியாது. வெள்ளை மலைக்கு மேலே, ஓசையே இல்லாமல், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, விழ மனமில்லாதவன்போல் காற்றில் கிடப்பான். சாயங்காலம் இன்சீனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கண்ணை மூடினால் பெட்டியே தண்டவாளத்தை விட்டு எழும்பும். ஓரத்துக் கீரைப்பாத்திகள் வெளுத்துக்கொண்டே போகும். யாரோ ஏற்றிய கோழிக்கூடைகூட மெதுவாக மிதக்கும்.

“இதப் பாருங்க, மா சத்யா.” பர்மிய வழக்கப்படி பெண்ணுக்கு ‘மா’, ஆணுக்கு ‘கோ’ சேர்த்துத்தான் அவர் மரியாதையாகக் கூப்பிடுவார்.

காசிவிசுவநாதன் காட்டிய திரையில் பச்சைச் சட்டைக்காரன் வெறும் கோடுகளாக, தலை கீழும் கால் மேலுமாகப் பறந்துகொண்டிருந்தான்.

“வௌவாலையா அனுப்பியிருக்கீங்கன்னு ஏஜெண்டு சிரிக்கிறான். கணுக்கால்ல ஆரம்பிச்சுத் தலையில முடிச்சிருக்கீங்க. ஏம்மா?”

ஏன் என்று எப்படிச் சொல்வது? கோயிலில் சாமியைப் பாதத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்; எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்க்கக்கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் காளி கோயிலில் பழகிய கண் அது. கை எப்போது அதன் பின்னால் போனது என்று அவளுக்கே தெரியாது.

“அக்கா அவனக் கும்புட்டுக்கிட்டு இருக்கு, ஸயா” என்று முதலாளியிடம் சொன்னான் பக்கத்து நாற்காலி பாலா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “ஒரு உண்டியல் வச்சுப்புடுங்க, வாடகை வந்துரும்.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது மடல் சுட்டது.

“சிரிக்காதீங்க, கோ பாலா. இனிமே பச்சைச் சட்டை உங்களுக்கு” என்றார் காசிவிசுவநாதன்.

பாலா ஈ அடிப்பதுபோல் மவுசை அடிப்பவன். சத்யபாமா எழுந்துவிட்டாள். “வேணாம் ஸயா. நானே திருப்பி வச்சுத் தர்றேன். இன்னிக்கே.”

“தலையிலேருந்து?”

“தலையிலேருந்துதான்.”

“ஒரு படம் பிசகினாலும் அவன் பாலாவுக்கு.” காசிவிசுவநாதன் ஆல்ப்ஸ் மலையின் கம்பீரத்தோடு திரும்பி, மஃப்ளரால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்.

முதல் படத்தைத் திறந்தாள். மவுஸ் தானாகக் கீழே இறங்கியது. பிடித்து மேலே இழுத்தாள். இத்தனை நாளும் முகம்வரை வந்ததும் கண் கூசி, அவசரமாகப் புள்ளி வைத்துவிட்டுத் தப்பித்திருக்கிறாள். இப்போதுதான் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகியிருந்தது. பயந்துபோயிருந்தான்.

சாமிக்கு மூக்கு ஒழுகாது.

தலையில் புள்ளி வைத்தாள். தோளுக்கு வந்தாள். இடுப்புக்கு வரும்போது கன்னத்தில் மரப்பட்டை அரைத்துப் பூசியிருந்த தனக்கா வேர்த்துக் கரைந்தது. பாலா பார்க்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முழங்கால். இனி கணுக்கால் ஒன்றுதான்.

கரண்ட் போயிற்று.

இருண்ட திரையில் அவள் முகம் இருந்தது. கீழே கடையில் யாரோ அண்டாவைத் திறந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக ஆவி வெள்ளையாக ஏறி வந்து அறையெங்கும் பரவியது. அதற்குள் எங்கோ, கீழுதட்டைக் கடித்தபடி, அவன் இன்னும் இறங்காமல் இருந்தான். அவள் மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை.