மூடுகல்லில் ஏழு குழி

“அரமனைக்குள்ளயா துணி காயப் போட்டுக்கிறாங்க? ராஜா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” சிங்காரம் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ராஜா செத்து ஆயிரத்தறநூறு வருசத்துக்கு மேல ஆவுதுப்பா,” என்றார் கோவிந்தன்.

கோவிந்தன் மலையடிவாரத்துச் சந்தவாசல்காரர். பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு, இப்போது பங்குனிக்குப் பங்குனி ஜவ்வாது மலையேறி வந்து புளி வாங்குகிறவர். அவர் சட்டைப்பையில் அந்தப் படத் தபால் அட்டை எப்போதும் இருக்கும். யூகோஸ்லாவியா நாட்டில், குரோவேஷியாக் கடற்கரையில், ஸ்ப்ளிட் என்ற துறைமுகம். அங்கே ரோம அரசன் ஒருவன் கட்டிய அரண்மனை. வெள்ளைக்கல் தூண்கள். தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் பாவாடை, சட்டை, ஒரு குழந்தையின் காலுறை.

“எதிரிங்க வந்து பக்கத்து வூரை அழிச்சிட்டாங்களாம். ஓடியாந்த சனம் காலியா கெடந்த அரமனைக்குள்ள பூந்துக்கிச்சு. இன்னிக்கும் உள்ள வூடும் கடையுமா சனம் கீது. ஆனா ஒரு கல்லைப் பேக்க வுடமாட்டாங்க. நான் சும்மா தூண்ல சாஞ்சதுக்கே ஒரு பொம்பள மொறைச்சா.”

“நீங்க சாஞ்சா தூணு தாங்காதுன்னு பயந்திருப்பா,” என்றாள் சிங்காரத்தின் மனைவி பாஞ்சாலை. கோவிந்தன் தன் தொந்தியைத் தட்டிச் சிரித்தார்.

“சரிம்மா, புளி எங்க?”

“குள்ளர் வூட்டு மேல காயுதுண்ணே.”

சிங்காரத்தின் கொல்லைமேட்டில், நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரே பெரிய கல்லால் மூடிய இடுப்பளவு வீடு ஒன்று இருந்தது. முன்கல்லில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. யார் கட்டியது, எந்தக் காலத்தில் கட்டியது, யாருக்கும் தெரியாது. குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பது மலைச்சனத்தின் பேச்சு.

“இன்னியோட சரிண்ணே. புளிய வாரிட்டு மூடுகல்லை ஒடைக்கப் போறேன். ஏழு குழி போட்டு வெச்சிக்கிறேன். ஆப்பு எறக்கினா பலகை பலகையா பொளந்துக்கும்,” என்றான் சிங்காரம்.

பாஞ்சாலைக்கு இது ஆறாம் மாதம். மூன்று வருஷத்துக்கு முன்னால், அடைமழையில் மண்தரை ஊறி, பிறந்து பத்து நாளான குழந்தை சளி கட்டி இறந்துபோனது. இந்த முறை ஆடி மழைக்குள் தரைக்குக் கல் பாவியே தீருவது என்று சிங்காரம் சங்கல்பம் செய்திருந்தான்.

கோவிந்தனின் முகம் வாடியது.

“ஆளில்லாத வூடுதானேண்ணே. யாரு கேக்கப் போறா?” என்றான் சிங்காரம்.

கோவிந்தன் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு புளியை வாரப் போனார்.

கல் வெறுமையானதும் சிங்காரம் ஆப்புகளை எடுத்தான். ஒன்று கை நழுவி, முன்கல்லின் துளை வழியாக உள்ளே உருண்டது. கையை விட்டுத் துழாவினான். ஆப்போடு கொட்டாங்குச்சிகளும் தட்டுப்பட்டன. மொத்தம் மூன்று. இரண்டில் உமி மட்டும். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் சாமை.

“இது இன்னா பாஞ்சாலை?”

அவள் தலைநிமிரவில்லை. “அறுப்புக்கு அறுப்பு குள்ளருங்களுக்கு ஒரு பிடி. பாப்பா போனதுலேர்ந்து வெக்கிறேன்.”

“ஒடைக்கிறேன்னு குழி போட்டப்பவே ஏன் சொல்லல?”

“நீ எனக்காவத்தான ஒடைக்கிற. எப்பிடி வாணாங்கிறது?” மூடுகல்லைத் தடவியபடி சொன்னாள்: “அவங்களும் மழைக்குப் பயந்துதான கட்டிருப்பாங்க. அவங்களுக்கும் கொழந்த குட்டி இருந்திருக்கும்.”

சிங்காரம் ஆப்பைக் கீழே வைத்தான். கோவிந்தனிடம் கை நீட்டி அந்த அட்டையை மறுபடி வாங்கினான். கயிற்றில் தொங்கிய சின்னக் காலுறையையே வெகுநேரம் பார்த்தான்.

“ஆளில்லாத வூடுன்னு சொல்லிட்டேண்ணே. கட்டினவங்க போய்ட்டாங்க, அவ்ளோதான். பின்னால வர்ற அத்தினி பேருக்கும் அது வூடு. ஒடைக்க ஒருநாள் போதும். திருப்பிக் கட்ட எவனால ஆவும்?”

மறுநாளிலிருந்து ஓடையில் தட்டைக் கல்லாகப் பொறுக்கித் தலையில் சுமந்தான். முதல் இரண்டு கல்லைக் கோவிந்தன்தான் தூக்கி வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் அங்கேயே படுத்தது தனிக் கதை. ஆனியில் பெண் பிறந்தாள். ஆடி மழையில் தரை ஊறவில்லை.

மூடுகல்லின் ஏழு குழியும் அப்படியே இருக்கின்றன. மழைநீர் தேங்கினால் சிட்டுகள் வந்து குடிக்கும். வெயில் அடித்தால், அதே கல்லின் மேல் குழந்தையின் துணி காயும்.

பழைய கல்லைக் காப்பாற்ற அரசனும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். அதை ஒரு வீடாகப் பார்க்கும் மனசு போதும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கல் கேட்பாரற்று நிற்கிறதுதானே, அதை நாளைக்கு ஒருவர் உடைக்க வந்தால் விட்டுவிடலாமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?